சூடேறும் கடலில் பட்டினி கிடக்கும் பறவைகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமியில், எம்.ரெட்டியபட்டியைப் போன்ற மானாவாரி ஊர்களில், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே விதைப்பு நடக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகிய ஆண்டில் பருத்தியும் சோளமும் மல்லியும் தேறுகின்றன, பொய்த்த ஆண்டில் நிலம் தரிசாகக் கிடக்கிறது. அந்த மழையைப் பறவைகளும் கணக்கில் கொள்கின்றன. முதுகுளத்தூர்ப் பக்கம் உள்ள காஞ்சிரங்குளம், சித்திரங்குடிக் கண்மாய்கள் 1989இல் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றவை. அங்கே தண்ணீர் நின்றால்தான் மஞ்சள்மூக்கு நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டும், நில்லாவிட்டால் அந்த ஆண்டு அங்கே குஞ்சு பொரிப்பு இல்லை. பறவையின் இனப்பெருக்கம் தட்பவெப்பத்தைச் சார்ந்தது என்பதை வறண்ட நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு சென்று சேரும் மன்னார் வளைகுடாவிலும், அதற்கு அப்பால் விரியும் பெருங்கடல்களிலும் வாழும் பறவைகளுக்கு இந்தச் சார்பு எவ்வாறு அமைகிறது என்பது அத்தனை எளிதில் விளங்குவதில்லை. ஏனெனில் கடல் வற்றுவதில்லை, வெளிப்பார்வைக்கு எந்த ஆண்டும் ஒரே நீலப் பரப்பாகவே தோன்றுகிறது. கடலுக்கும் பஞ்ச காலம் உண்டு என்பதையும், அதை முதலில் உணர்பவை மிதவையுயிரிகளைத் தின்று வாழும் சிறு கடற்பறவைகளே என்பதையும் கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் நிறுவியுள்ளன.

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலுவின்றி அதனோடு மிதந்து திரியும் உயிர்கள் அனைத்துக்கும் மிதவையுயிரிகள் என்பது பொதுப்பெயர். சூரிய ஒளியைக் கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் ஒரு செல் பாசிகள் மிதவைத் தாவரங்கள் என்றும், அவற்றை மேய்ந்து வாழும் சிற்றுயிர்கள் மிதவை விலங்குகள் என்றும் வழங்கப்படும். இரண்டாம் வகையில் இரண்டு கூட்டங்கள் பறவைகளுக்கு முதன்மையானவை: சில மில்லிமீட்டரே நீளமுள்ள, துடுப்புப் போன்ற கால்களைக் கொண்ட கோப்பிபாடுகள், இறாலை ஒத்த உருவமுடைய, விரல் நீளத்துக்கு மிகாத கிரில்கள். கருவாட்டுக் கடையில் சென்னாக்கூனி என்ற பெயரில் படிக்கணக்கில் விற்கப்படும் சிற்றிறால்களும் இந்த மிதவை வாழ்க்கையைச் சேர்ந்தவையே என்பதால், மிதவையுயிரி என்பது தமிழ்ச் சமையலறைக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று.

ஒரு கூழைக்கடா ஒரு வேளைக்குச் சில மீன்களைப் பிடித்தால் போதும். மிதவையுயிரிகளை உண்ணும் பறவைக்கு அந்த வசதி இல்லை. ஆர்க்டிக் கடலோரம் வாழும், சுமார் 160 கிராம் எடையுள்ள லிட்டில் ஆக் என்ற பறவை தன் ஒரு நாள் தேவையை நிறைவு செய்ய ஏறத்தாழ 60,000 கோப்பிபாடுகளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று கிழக்கு கிரீன்லாந்தில் நடந்த ஆய்வு கணக்கிட்டது. அதாவது நீருக்கடியில் இருக்கும் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ ஆறு. இத்தகைய வாழ்க்கையில், கடலில் மொத்தம் எவ்வளவு உணவு இருக்கிறது என்பதைவிட, ஓரிடத்தில் அது எவ்வளவு அடர்ந்து திரண்டிருக்கிறது, எந்த ஆழத்தில் கிடைக்கிறது, எந்த மாதத்தில் கிடைக்கிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பனவே உயிர்நிலைக் கேள்விகள். கடலின் தட்பவெப்பம் பறவையைத் தொடுவது இந்த நான்கு வழிகளில்தான். நீரின் சூடு பறவையின் உடலை நேரே வருத்துவது அரிது.

தமிழ்நாட்டுக்கு அருகே வந்து போகும் மிதவையுண்ணிகளில் முதலில் சொல்லத் தக்கது வில்சன் புயற்பறவை. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பறவையியலை வளர்த்த அலெக்சாண்டர் வில்சனின் பெயரைத் தாங்கிய இப்பறவை 35 முதல் 40 கிராம் எடையே உடையது. புகைக்கறுப்பு உடல், வாலடியில் வெள்ளைப் பட்டை, பறக்கும்போது வாலுக்கு வெளியே நீளும் மெலிந்த கால்கள், கறுப்பு விரல்களுக்கு இடையே மஞ்சள் நிறச் சவ்வு என்பன அதன் அடையாளங்கள். இறக்கையை விரித்துக் காற்றில் தன்னைத் தாங்கிக்கொண்டு, கால்களால் நீர்ப்பரப்பைத் தட்டித் தட்டி நடப்பதுபோல் நகர்ந்து, மேற்பரப்பில் மிதக்கும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்கிறது. உலகில் எண்ணிக்கை மிகுந்த கடற்பறவைகளுள் ஒன்றாயிருந்தும், முட்டையிடும் காலம் தவிர நிலத்தை நாடாத காரணத்தால், கரையில் வாழ்வோர் கண்ணில் அது பெரும்பாலும் படுவதில்லை. ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர்களே அதை அறிவர்.

அது பிறப்பது அண்டார்டிகாவின் கரைகளிலும் அதைச் சூழ்ந்த தென்கடல் தீவுகளிலும். அங்கே மார்ச், ஏப்ரலில் குளிர் இறங்கத் தொடங்கியதும் வடக்கே கிளம்பி, நிலநடுக்கோட்டைக் கடந்து, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அரபிக் கடலிலும் கேரளக் கரையோரக் கடலிலும் இலங்கையின் மேற்குக் கடலிலும் தங்குகிறது. உலகின் ஒரு கோடியிலிருந்து இத்தனை தொலைவு வருவதற்கு ஒரே காரணம், அந்த மாதங்களில் இந்தக் கடலில் விளையும் உணவு.

அந்த விளைச்சலின் பொறிமுறையை விளக்காமல் மேற்கொண்டு செல்ல இயலாது. வெயில் காலத்தில் நிறைந்த கண்மாயில் இறங்கிக் குளிப்பவர், மார்பளவு நீர் வெதுவெதுப்பாகவும் காலடி நீர் சில்லென்றும் இருப்பதை உணர்வது போல, கடலும் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கிறது. மேலடுக்கு வெயிலில் காய்ந்து, அடர்த்தி குறைந்து, கனத்த குளிர்நீரின் மேல் மிதக்கிறது. இரண்டுக்கும் இடையே வெப்பநிலை சட்டென்று இறங்கும் பகுதி வெப்பச்சரிவு அடுக்கு எனப்படுகிறது. மிதவைத் தாவரங்களுக்கு ஒளியும் வேண்டும், நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் முதலிய உரச்சத்துகளும் வேண்டும். ஒளி மேலே இருக்கிறது. இறந்த உயிர்களின் கழிவுகள் மூழ்கி மட்குவதால் உரம் கீழே சேர்கிறது. மேலும் கீழும் கலந்தாலொழிய விளைச்சல் இல்லை. கரையை ஒட்டி வீசும் காற்று, புவிச் சுழற்சியின் விளைவோடு சேர்ந்து, மேற்பரப்பு நீரை வடகோளத்தில் தன் வலப்புறமாகத் தள்ளுகிறது என்பதை சுவீடனைச் சேர்ந்த எக்மன் 1905இல் கணிதமாக நிறுவினார். தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளிலும், இன்னும் மிதமாகக் கன்னியாகுமரியிலிருந்து கேரளக் கரை நெடுகவும் இப்படி மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த உரநீர் ஏறி வருகிறது. மேலெழுச்சி என்று இதற்குப் பெயர். அதைத் தொடர்ந்து மிதவைத் தாவரங்கள் பெருகி, அவற்றை மேயும் கோப்பிபாடுகள் பெருகி, மத்தியும் நெத்திலியும் திரள, மீனவருக்கும் புயற்பறவைக்கும் ஒரே காலத்தில் அறுவடை கிடைக்கிறது.

பறவை அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் குறிப்பிடத்தக்கது. புயற்பறவைகளின் அலகின் மேல் குழாய் வடிவ மூக்குத்துளை உண்டு. பறவையினத்தில் அரிதான கூர்ந்த மோப்ப உணர்வு அவற்றுக்கு வாய்த்திருக்கிறது. மிதவைத் தாவரங்களை மிதவை விலங்குகள் கடித்து மேயும்போது டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் வெளியாகிக் காற்றில் கலக்கிறது. 1995இல் காப்ரியல் நெவிட்டும் உடன் ஆய்வாளர்களும் அண்டார்டிகக் கடலில் இச்சேர்மத்தை வைத்துச் சோதித்தபோது, வில்சன் புயற்பறவை உள்ளிட்ட சில இனங்கள் அந்த வாடையைப் பின்பற்றி வந்தன. மேய்ச்சல் நடக்கும் இடத்தின் வாடையையே பறவை மோப்பம் பிடிக்கிறது. உரநீர் ஏறாத கடலில் மேய்ச்சல் இல்லை, வாடையும் இல்லை, வழியும் இல்லை.

கடல் சூடேறுவதன் முதல் தீங்கு இப்போது விளங்கும். மேலடுக்கு சூடேறச் சூடேற அதன் அடர்த்தி இன்னும் குறைகிறது. அடுக்குகளைக் கலக்கக் காற்றுக்கு இன்னும் வலு தேவைப்படுகிறது. கலப்பு குறைய, உரம் கீழேயே தங்கிவிடுகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோலும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு இந்தியப் பெருங்கடலில் முந்தைய அறுபது ஆண்டுகளில் மிதவைத் தாவரங்கள் 20 விழுக்காடு வரை குறைந்துள்ளதாகக் காட்டி, அதற்கு முதற்காரணம் வெப்ப மிகுதியால் அடுக்குகள் இறுகியதே என்றது. புயற்பறவைகள் குளிர்காலப் புகலிடமாகக் கொண்ட கடலும் அதுவே.

புயற்பறவையின் பிறப்பிடத்தில் வேறொரு கணக்கு நடக்கிறது. வில்சன் புயற்பறவை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அந்த ஒரு முட்டை தாயின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இருக்கும். பாறை இடுக்கில் சுமார் ஆறு வாரம் அடைகாத்து, குஞ்சுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் உணவூட்ட வேண்டும். அண்டார்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளில், கிரில் குறைந்த கோடைகளில் குஞ்சுகள் மெதுவாக வளர்ந்ததும், கடும் பனிப்பொழிவு பொந்தின் வாயை அடைத்தபோது தாய்ப்பறவை உள்ளே நுழைய முடியாமல் குஞ்சுகள் பட்டினியால் மடிந்ததும் பதிவாகியுள்ளன. வெப்பம் கூடும் நிலத்தில் பனிப்பொழிவு எப்படிக் கூடும் என்று தோன்றலாம். சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமப்பதால், உறைநிலைக்கு அருகிலுள்ள இடங்களில் அது பனியாகவே கொட்டக்கூடும். கிரிலின் நிலையோ கடல்மேல் உறையும் பனிக்கட்டியோடு பிணைந்தது: பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் படரும் பாசியை மேய்ந்தே கிரிலின் இளம் உயிர்கள் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன, பனி குறைந்த குளிர்காலத்தை அடுத்து வரும் கோடையில் கிரிலும் குறைகிறது. அத்தீவின் புயற்பறவை எண்ணிக்கை 1970களின் இறுதியில் எண்ணப்பட்டதைவிடக் கடுமையாகச் சரிந்துள்ளது.

இங்கே கடற்பறவையின் வாழ்க்கைக் கணக்கை ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் ஓராண்டு இனப்பெருக்கத் தோல்வியைக் கண்டு தேவைக்கு மேல் பதறுவதும், அதைவிடப் பெரிய ஆபத்தைக் காணாமல் விடுவதும் வழக்கம். சிறிய உடலாயினும் இவை நெடுநாள் வாழும் பறவைகள்; புயற்பறவைக் குடும்பத்தைச் சேர்ந்த லீச் இனத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவை காலில் மாட்டிய வளையப் பதிவுகளால் அறியப்பட்டுள்ளன. வாழ்நாளில் இருபது முறை முட்டையிட வாய்ப்புள்ள பறவைக்கு, ஓர் ஆண்டின் குஞ்சைக் காக்கத் தன் உயிரைப் பணயம் வைப்பது நட்டக் கணக்கு. எனவே உணவு குறைந்தால் அது முதலில் முட்டையிடுவதைத் தவிர்க்கும். இட்டிருந்தால் அடைகாப்பதைக் கைவிடும். பொரித்திருந்தால் குஞ்சைப் பட்டினி போட்டுத் தன் உடலைக் காத்துக்கொள்ளும். கடல் தட்பவெப்பம் கெடும்போது இனப்பெருக்கம் முதலிலும், வளர்ந்த பறவையின் உயிர்பிழைப்பு கடைசியிலும் அடிபடுவது இதனால்தான். குஞ்சுகள் இல்லாத ஓராண்டை இனம் தாங்கிக்கொள்ளும். வளர்ந்த பறவைகள் மடியத் தொடங்கினால் அந்த இழப்பை, ஆண்டுக்கு ஒரு முட்டை என்ற வேகத்தில், ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இந்த இரு நிலைகளையும் ஒரே இனத்தில், ஆண்டுக்காண்டு அளந்து வைத்திருப்பது வட அமெரிக்காவின் பசிபிக் கரை. காசின் ஆக்லெட் என்னும், சுமார் 180 கிராம் எடையுள்ள சாம்பல் நிறப் பறவை அங்கே கிரிலையும் பெரிய கோப்பிபாடுகளையும் நீரில் மூழ்கித் தின்று வாழ்கிறது. கடற்காக்கைகளுக்கு இரையாகாதிருக்க இரவில் மட்டுமே தீவுக்கு வந்து, மண்ணில் தோண்டிய வளையில் ஒரே முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் முறை மாற்றி முப்பத்தெட்டு நாளளவு அடைகாக்கின்றன. நாக்கின் கீழுள்ள பையில் கிரிலைக் கூழாகச் சுமந்து வந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன. சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே உள்ள ஃபாரலோன் தீவுகளில் உணவு மிகுந்த ஆண்டுகளில் சில இணைகள் முதல் குஞ்சை வளர்த்து அனுப்பிவிட்டு இரண்டாம் முட்டையும் இடுவதுண்டு. இப்பறவையின் குடும்பத்தில் வேறெந்த இனமும் செய்யாத காரியம் அது.

அதே ஃபாரலோனில் 2005ஆம் ஆண்டு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. இளவேனிலில் வடக்கிலிருந்து வீசி மேலெழுச்சியைத் தொடங்கி வைக்கும் காற்று அவ்வாண்டு உரிய காலத்தில் வீசவில்லை. பறவைகள் வழக்கம்போல் முட்டையிட்டன, கிரில் திரளவில்லை, மே மாதத்தில் பெரும்பாலான இணைகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டன. 1970களின் தொடக்கத்திலிருந்து அத்தீவில் எடுக்கப்பட்டுவந்த பதிவுகளில் அத்தகைய முழுத் தோல்வி அதற்கு முன் இல்லை. மேலெழுச்சிக் காற்று பின்னர், கோடையில், வலுவாகவே வீசியது என்பதைக் கவனிக்க வேண்டும்: ஆண்டுச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அது பெரிய குறையுள்ள ஆண்டாகத் தெரியாது. ஆவணியிலேயே விதைத்துவிட்டு ஐப்பசி முழுதும் மழை காணாத மானாவாரி விவசாயியிடம், ஆண்டு மொத்த மழையளவு சராசரியை எட்டிவிட்டது என்று சொல்வதில் என்ன பயன் உண்டோ, அந்த ஆக்லெட்டிடம் கோடைக் காற்றைப் பற்றிச் சொல்வதிலும் அவ்வளவே பயன்.

காலம் தவறுவதன் இன்னொரு வடிவம் கனடாவின் வான்கூவர் தீவுக்கு வடமேற்கே உள்ள டிரையாங்கிள் தீவில் தெரியவந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் கூடும் அத்தீவு காசின் ஆக்லெட்டின் உலகிலேயே பெரிய குடியிருப்பு. அங்கே குஞ்சுகளின் முதன்மை உணவு நியோகலானஸ் கிரிஸ்டேட்டஸ் என்ற, கொழுப்பு நிறைந்த பெரிய கோப்பிபாடு. இது இளவேனிலில் மேற்பரப்புக்கு வந்து மேய்ந்து, உடலில் எண்ணெயைச் சேர்த்துக்கொண்டு, மீண்டும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கி உறங்கு நிலையில் ஆண்டின் மீதியைக் கழிக்கும். கடல் வெதுவெதுப்பாக இருந்த 1990களில் நியோகலானஸ் பேரினக் கோப்பிபாடுகள் மேற்பரப்பில் மிகுதியாக நிற்கும் காலம், 1970களின் தொடக்கத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ இரண்டு மாதம் வரை முந்திவிட்டதை மிதவையுயிரி ஆய்வாளர்கள் கண்டனர். பறவை முட்டையிடும் நாளை அவ்வளவு முன்னே தள்ள முடியவில்லை. விளைவாக, வெப்பமான ஆண்டுகளில் குஞ்சுகள் நன்றாக உண்ண வேண்டிய கடைசி வாரங்களில் கோப்பிபாடுகள் ஆழத்துக்கு இறங்கிப் பறவையின் கைக்கு எட்டாமல் போயின. குஞ்சுகள் மெலிந்த உடலோடு கடலுக்குப் போயின. உணவு அழியவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அது வேறு மாதத்தில், வேறு ஆழத்தில் இருந்தது.

அடுத்து வந்தது உயிர்பிழைப்பையே தாக்கிய நிகழ்வு. 2013இன் இறுதியில் வடகிழக்குப் பசிபிக்கில் பரந்த ஒரு பகுதி வழக்கத்தைவிட இரண்டரை டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, பல மாதங்கள் ஆறாமல் கிடந்தது. கடல் நீரின் இத்தகைய நெடுநாள் மிகுவெப்பம் கடல் வெப்ப அலை எனப்படும். 2014 கோடையில் டிரையாங்கிள் தீவில் குஞ்சு பொரிப்பு நன்றாகவே நடந்திருந்ததால், இளம் ஆக்லெட்டுகள் பெருந்திரளாகக் கடலில் இறங்கியிருந்தன. இலையுதிர் காலத்தில் அந்த வெப்ப நீர் கரையை நெருங்கியதும், பறவைகளுக்கு உகந்த குளிர்நீர் கரையோரக் குறுகிய பட்டையாகச் சுருங்கியது. அந்தப் பட்டையிலும் வடக்கத்திய கொழுத்த கோப்பிபாடுகள் போய், தெற்கிலிருந்து வந்த சிறிய, எண்ணெய்ச் சத்துக் குறைந்த இனங்கள் நிறைந்தன. அக்டோபர் 2014 தொடங்கி அடுத்த ஆண்டின் முதல் மாதங்கள் வரை, கலிஃபோர்னியாவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா வரை, ஆக்லெட்டின் பிணங்கள் பல்லாயிரக் கணக்கில் கரை ஒதுங்கின. அறுத்துப் பார்த்தபோது நோயோ நஞ்சோ அல்ல, பட்டினியே காரணம் என்று தெரிந்தது: தோலடிக் கொழுப்பு தீர்ந்து, நெஞ்சுத் தசையும் கரைந்திருந்தது. வயிறு நிறையத் தின்றும் பட்டினி கிடக்க முடியும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. சத்தில்லாத கோப்பிபாடுகளை எத்தனை ஆயிரம் பிடித்தாலும், பிடிக்கச் செலவான ஆற்றலை அவை திருப்பித் தருவதில்லை.

ஆர்க்டிக்கிலும் இதே மாற்றம் மெல்ல நடந்து வருகிறது. ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிய குளிர்நீரில் வாழும் கலானஸ் கிளேசியாலிஸ் என்ற கோப்பிபாட்டின் உடலில், அட்லாண்டிக் வெப்பநீரோடு வரும் அதன் சிறிய உறவினத்தைவிடப் பன்மடங்கு எண்ணெய் உண்டு. சிறிய இனம் பரவிய இடங்களில் லிட்டில் ஆக்குகள் நல்ல உணவைத் தேடித் தொலைவுக்குப் பறக்க நேர்கிறது. இப்போதைக்கு அவை அந்தக் கூடுதல் உழைப்பால் சமாளிக்கின்றன.

நீரின் நிறமும் தெளிவும்கூடப் பறவையின் பிழைப்பில் புகுந்து விளையாடும். 1997இல் பேரிங் கடலில், வழக்கத்துக்கு மாறான வெப்பமும் அமைதியும் நிலவிய கோடையில், சுண்ணாம்புச் செதில் போர்த்த ஒரு வகை மிதவைத் தாவரம் மட்டுமீறிப் பெருகி, கடலைப் பால் கலந்த பச்சையாக மாற்றியது. டாஸ்மேனியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் கிரில் தேடி அங்கே சென்றிருந்த குட்டைவால் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் லட்சக்கணக்கில் மடிந்தன. கலங்கிய நீரில் மூழ்கியபோது இரை கண்ணுக்குத் தெரியாதது ஒரு காரணமென்றும், கிரிலே குறைந்திருந்தது மற்றொரு காரணமென்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இதற்கு இணையான நிறமாற்றம் மன்னார் வளைகுடாவுக்குப் புதிதன்று. நாக்டிலூகா என்ற ஒரு செல் உயிரி பெருகிக் கடலைப் பச்சையாக்குவதை மண்டபம், பாம்பன் பகுதி மீனவர்கள் பூங்கோரை என்கின்றனர். 2019 செப்டம்பரில் அது மண்டியபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அரபிக் கடலில் குளிர்காலத்தில் முன்பு சிலிக்கா ஓடுடைய டயாட்டம்கள் விளைந்த பரப்பில் இப்போது நாக்டிலூகா பரவியுள்ளது. கோப்பிபாடுகள் டயாட்டத்தை விரும்பி மேயும். நாக்டிலூகாவைத் தின்பவையோ பெரும்பாலும் சால்ப் போன்ற கூழுடல் உயிர்கள். பறவைக்கு எட்டும் உணவுச் சங்கிலியில் ஒரு கண்ணி இவ்வாறு மாற்றிக் கோக்கப்படுகிறது.

இம்மாற்றங்களுக்கெல்லாம் பின்னணியில் கடலின் பெரும் ஊசலாட்டங்கள் இரண்டு இருக்கின்றன. முதலாவது, நிலநடுக்கோட்டுப் பசிபிக்கின் கிழக்குப் பகுதி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மிகையாகச் சூடேறும் எல் நினோ. அதன் வளிமண்டலப் பாதியைக் கண்டறிந்தவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர்; பருவமழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய வழி தேடியபோதே, பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் தென் அலைவை அவர் கண்டார். தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் 1876-78 பஞ்சத்தின் நடுவே பசிபிக்கில் நிலவியதும் ஒரு கடுமையான எல் நினோவே. இரண்டாவது, இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடேறும் இந்தியப் பெருங்கடல் இருமுனை அலைவு. சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் 1999இல் இதை விளக்கினர்.

இவற்றை நல்லது, கெட்டது என்று பொத்தாம்பொதுவாகத் தரம் பிரிப்பது பிழை. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நலிந்தாலும் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுப்பெறுகிறது: கடும் எல் நினோ நிலவிய 2015இல் கண்மாய்கள் பெருகின, சென்னை வெள்ளத்தில் மூழ்கியது, எல் நினோ விலகிய 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து கரிசல் காடுகள் காய்ந்தன. ஆக, பசிபிக் ஆக்லெட்டுகளைப் பட்டினி போடும் அதே கடற்சூடு திருச்சுழிக் கண்மாயை நிரப்பவும், முதுகுளத்தூர்ப் பக்கத்து நாரைகளுக்குக் கூடு கட்டும் வாய்ப்பைத் தரவும் கூடும். ஊசலாட்டம் இயற்கையானது, பறவைகள் அதற்குப் பழகியவை. ஊசல் தொங்கும் இடமே சூட்டின் பக்கம் நகர்வதும், கெட்ட ஆண்டுகளுக்கு இடையே இனம் தேறிக்கொள்ளக் கிடைக்கும் நல்ல ஆண்டுகள் சுருங்குவதும்தான் புதியவை.

தமிழ்நாட்டுக் கரையில் நின்றபடியே காணக் கிடைக்கும் மிதவையுண்ணி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். செங்கழுத்து ஃபலாரோப் என்ற சிறு பறவை ஆர்க்டிக் துந்திரப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் மேற்கு ரஷ்யாவிலிருந்தும் அரபிக் கடலுக்கு வந்து குளிர்காலத்தை நீரிலேயே கழிக்கிறது. சில, கோடியக்கரை, தூத்துக்குடி உப்பளங்களிலும் தென்படும். நீரில் அமர்ந்து பம்பரம்போல் தன்னைத் தானே சுற்றி, சிறு சுழலை உண்டாக்கி, கீழுள்ள சிற்றுயிர்களை மேலே இழுத்துக் கொத்துவது இதன் வழக்கம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வலசையின்போது பல லட்சமாகத் தங்கிய இப்பறவைகள் 1980களின் முடிவுக்குள் அங்கிருந்து ஏறத்தாழ முற்றாக மறைந்தன. அங்கே மேற்பரப்புக் கோப்பிபாடு குறைந்தது காரணமா, அவை குளிர்காலத்தைக் கழித்த பசிபிக்கில் 1982-83 எல் நினோ பெருமளவில் கொன்றதா என்ற விவாதம் நடந்தது, இரண்டுக்கும் பங்கிருக்கலாம்.

ஆக்லெட்டின் பட்டினிச் சாவை உலகம் அறிந்துகொண்டது கப்பல்களாலோ செயற்கைக்கோள்களாலோ அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில், பயிற்சி பெற்ற ஊர் மக்கள் மாதந்தோறும் தங்கள் கடற்கரையை நடந்து, ஒதுங்கிய பறவைகளை அளந்து, படமெடுத்துப் பதிவு செய்துவந்த பழக்கமே அதற்கு உதவியது. சாதாரண மாதத்தில் எத்தனை பிணம் ஒதுங்கும் என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அசாதாரணத்தை அடையாளம் காண முடிந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் பச்சையத்தையும் நீரின் வெப்பநிலையையும் கொண்டு மீன் கிடைக்கும் இடங்களை மீனவருக்கு அறிவித்துவருவதால், கடலின் நிலை பற்றிய பாதிக் கணக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மீதிப் பாதி கரையில் கிடக்கிறது. மூக்கையூர் முதல் தனுஷ்கோடி வரையோ, மணப்பாடு முதல் கன்னியாகுமரி வரையோ கடற்கரையில் நடப்பவர்கள், ஆனி முதல் புரட்டாசி வரையான பருவக்காற்று மாதங்களில் கைக்குள் அடங்கும் அளவுள்ள கறுப்புப் பறவை ஒன்று இறந்து ஒதுங்கியிருக்கக் கண்டால், வெறுங்கையால் தொடாமல், ஒரு குச்சியால் காலைப் பிரித்து, விரல்களுக்கு இடையே மஞ்சள் சவ்வு உண்டா என்று பார்த்து, படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் தளத்திலோ அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையிலோ வனத்துறையிலோ சேர்ப்பிக்க வேண்டும். ஒன்றும் ஒதுங்காத நாளையும் அவ்வாறே குறித்து வைக்க வேண்டும்.